கூட்டிப் பெருக்கிய மரத்தடி

கெரான் நெடுவீடு, மெலுவாங் ஆறு
ஏப்ரல் 11, 1983

ரிண்டாவின் அப்பாவுக்கு,

நானும் ரிண்டாவும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கிற மனநிலையில் இன்று நான் இல்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் கீழ் ஓடைக்குப் பெரணித் தளிர் பறிக்கப் போனேன். ஓடைக் கரையில் இருக்கிற எங்கள் எங்காபாங் மரங்களில் கையகலம் பட்டையைச் செதுக்கிச் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதியிருக்கிறது. ஒன்றிலிருந்து பதினேழு வரை, ஒரு மரம் விடாமல். சிவப்பு என்றால் வெட்டு, வெள்ளை என்றால் விடு என்பது இந்த ஆற்றில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். எங்காபாங்கை வெட்டக்கூடாது என்று சட்டம் இருப்பதும் தெரியும்.

ஏழாவது மரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மகளுக்கும் அப்படியே எழுதச் சொல்லிக்கொடுத்து, அவள் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினாள்.

பிப்ரவரியில் காய் விழும்போது வருவேன் என்று எழுதினீர்கள். வரவில்லை. நானும் அண்ணியும் நாற்பத்திரண்டு கூடை எங்காபாங் கொட்டை சுமந்தோம். தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை. அது போகட்டும். மார்ச் கடைசியில் உங்கள் மரவெட்டு முகாம் ஆட்கள் ஆற்றில் இரண்டு வளைவுக்கு மேலே நான்கு நாள் தங்கியிருந்ததாகப் படகுக்காரர் சொன்னார். நீங்களும் அதில் இருந்தீர்களாம். இரண்டு வளைவு என்பது எவ்வளவு தூரம்? எங்கள் நாய் குரைத்தால் கேட்கிற தூரம்.

அண்ணன் குடாங் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தைதான் சொன்னான்: "ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்து மாப்பிள்ளை எடுத்தா இப்படித்தான்."

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

சுபாங்

*

முகாம் 3
ஏப்ரல் 24

ரிண்டாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மரத்தில் எண் எழுதியது நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பகுதியில் எங்காபாங்கும் உண்டு, அதற்குப் பங்காளி மாதிரி சாதாரண மெரந்தியும் உண்டு. பட்டை இரண்டுக்கும் ஒன்றுதான். இலை இருப்பதோ அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்குகிற உயரத்தில். அதனால் மரத்தடியில் கிடக்கிற காயைப் பார்த்துத்தான் எழுதுவோம். இரண்டுக்கும் மூன்று நீளச் சிறகு, இரண்டு குட்டைச் சிறகு. ஆனால் எங்காபாங் கொட்டை கோழிமுட்டை அளவு இருக்கும், சிறகும் கையளவு நீளும். மெரந்திக் கொட்டை பாக்கு அளவுதான். இதில் நான் தவறுகிற ஆள் இல்லை. ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

அந்த ஓடைக் கரையில் பாக்களவுக் கொட்டைதான் கிடந்தது. பதினேழு மரத்தடியிலும் தேடினேன். கோழிமுட்டைக் கொட்டை ஒன்றுகூட இல்லை. காய்ப்பு வருஷத்தில், காய் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், எங்காபாங் மரத்தடியில் ஒரு கொட்டைகூட, ஒரு சிறகுகூட இல்லாமல் இருக்குமா? மெரந்தி என்று எழுதினேன்.

உங்கள் வீட்டு மரங்கள் மேல் ஓடையில் இருக்கின்றன என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அங்கே பார்த்த எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தேன். உனக்காகத்தான் இரண்டு மடங்கு கவனமாக அடித்தேன்.

நமக்குக் கல்யாணம் ஆகி பதின்மூன்று வருஷம். இந்த வருஷத்துக்கு முன்னால் மூன்று காய்ப்பு வந்தது. மூன்று முறையும் உன் அண்ணன் என்னை மிளகுத் தோட்டத்துக்குக் காவல் அனுப்பினான். மிளகை யார் திருடப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "கொரங்கு" என்று சொன்னான். அந்தத் தோட்டத்தில் நான் ஒரு குரங்கைக்கூடப் பார்த்ததில்லை. மரம் எது என்று நீயும் ஒருநாள் காட்டவில்லை.

ஜூன் நடுவில் அந்த ஓடையில் வெட்டு தொடங்குகிறது. பட்டியலை மாற்ற வேண்டுமானால் காயைக் கொண்டுவா என்பார்கள்.

வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இப்போது எழுத முடியவில்லை. களைப்பாக இருக்கிறது.

எம்பாலிங்

*

கெரான் நெடுவீடு
மே 5

ரிண்டாவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு மட்டுமா களைப்பு? மலைநெல் கதிரடிப்பு, மிளகு, உங்கள் மகளின் இருமல், அண்ணனின் முகம் எல்லாவற்றையும் தாண்டித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மரத்தடியில் ஏன் ஒன்றும் கிடக்கவில்லை என்று சொல்கிறேன். இதை எழுதுவது அண்ணனுக்குத் தெரிந்தால் என்னைத் தோலுரிப்பான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். காய் விழத் தொடங்கியதும் மரத்தடியைக் கூட்டிவிடுவோம், சருகு முதற்கொண்டு. பொழுது விடிகிறதற்குள் போய், விழுந்ததை எல்லாம் பொறுக்கி, சிறகை ஒடித்துத் தனிக் கூடையில் போடுவோம். கொட்டை வீட்டுக்கு வரும். சிறகை ஓடை ஆற்றில் சேருகிற இடத்தில் கொட்டிவிடுவோம், தண்ணீர் கொண்டுபோய்விடும். கடைசிக் காய் விழுந்த பிறகு இன்னொரு முறை கூட்டுவோம். மேட்டிலிருந்து பறந்து வருகிற மெரந்திக் கொட்டையை மட்டும் அப்படியே விடுவோம். அதை யார் தொடுவார்கள்?

ஏன் இவ்வளவு பாடு என்றால், கீழ் நெடுவீட்டுக்காரர்களுக்கு எந்த மரம் காய்க்கிறது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த காய்ப்புக்கு நமக்கு முன்னால் வந்து நிற்பார்கள் என்று அப்பா காலத்திலிருந்து பயம். கீழ் நெடுவீடு என்றால் யார்? உங்கள் அண்ணன், உங்கள் சித்தப்பா, உங்கள் ஆட்கள். நீங்கள் கல்யாணம் ஆகி இங்கே வந்த அன்றே அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கினான், மரத்தை உங்களுக்குக் காட்டுவதில்லை என்று. எனக்கு வயது பத்தொன்பது. செய்தேன். பிறகு அதை உடைக்க ஒரு நல்ல நாள் வரவே இல்லை. வந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆக, நாங்கள் எடுத்தது போக மிச்சம் கிடந்ததைப் பார்த்து நீங்கள் மரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். வேண்டாம் என்று விட்ட கொட்டையைப் பார்த்து.

நேற்று முழுக்கத் தேடினோம். வேரிடுக்கு, பாறையிடுக்கு, ஓடைப் பள்ளம் எல்லாம். கூட்டிய கை என் கை. அது எதையும் விட்டு வைக்கவில்லை. வீட்டில் இருந்த கொட்டையை மார்ச்சிலேயே கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கொட்டையைப் பிழிந்து எடுத்த கொழுப்பு மட்டும் மூங்கில் குழாயில் இருக்கிறது. அதைச் சுடுசோற்றில் போட்டுச் சாப்பிடலாம், அலுவலகத்தில் காட்ட முடியாது. அடுத்த காய்ப்பு நான்கு வருஷமோ ஐந்து வருஷமோ.

இந்த ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற எல்லாக் குடும்பங்களையும் கூட்டிவைத்து வீட்டுத் தலைவர் கெரான் சொன்னார்: "அந்த வருசம் நெல்லு பூரா எலி தின்னப்போ இந்தப் பதினேழுதான் நம்ம வயித்தக் கழுவுச்சு. போயிருச்சுன்னா இங்க உக்காந்து என்ன பண்றது?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சுபாங்

*

முகாம் 3
மே 16

ரிண்டாவின் அம்மாவுக்கு,

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அதற்கும் தெம்பு இல்லை.

முகாம் முதலாளியிடம் பேசினேன். பட்டியல் தப்பு, திருத்த வேண்டும் என்றேன். கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, "காய் எங்கடா?" என்றார். காய் இல்லை, ஆனால் மரம் எங்காபாங்தான் என்றேன். "அப்போ மார்ச்ல என்ன கண்ண மூடிக்கிட்டா எழுதுன?" என்றார். அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. இதை எழுதலாமா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது, நீ சிரிப்பாய் அல்லது அழுவாய்.

சிறகை எல்லாம் ஓடை வாயில் கொட்டுகிறோம், தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று எழுதியிருந்தாய். எங்கே கொண்டுபோகும் என்று நினைக்கிறாய்? ஓடை வாய்க்குக் கீழே முதல் வளைவில் எங்கள் வீட்டு மீன்தடுப்பு வேலி இருக்கிறது. நான் சின்னவனாக இருந்தபோது காய்ப்பு வருஷத்தில் அந்த வேலியிலிருந்து கூடை கூடையாகச் சிறகு வாரியிருக்கிறேன். காட்டிலிருந்து தானாக வருகிறது என்று நினைத்தோம், அல்லது நான் அப்படி நினைத்தேன். காயவைத்துக் கோழி முட்டையிடுகிற கூடைகளில் மெத்தையாகப் போடுவார்கள். செள்ளுப்பூச்சி அண்டாது என்பார்கள்.

என் அண்ணி இன்னும் கோழி வளர்க்கிறாள்.

அந்த வளைவுக்கு மேலே, உங்கள் வீட்டுக்குக் கீழே, ஆற்றில் சேருகிற ஓடை அது ஒன்றுதான். மேல் ஓடையில் விழுகிறது உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற பாறை இடுக்குகளிலேயே தங்கிவிடும். என் பட்டியலில் அந்த ஓடையில் எங்காபாங் ஒன்றுகூட இல்லை. அந்த வேலியில் இந்த வருஷம் கையளவுச் சிறகு மாட்டியிருந்தால் பட்டியல் பொய் என்று ஆகிவிடும். முதலாளி கேட்க மாட்டார். வன அலுவலர் கேட்பார்.

நீ அங்கே போக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படித்துறையில் நீ கால் வைக்கவில்லை என்பது தெரியும். உன் அண்ணன் விடமாட்டான் என்பதும் தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எம்பாலிங்

*

கெரான் நெடுவீடு
மே 28

ரிண்டாவின் அப்பாவுக்கு,

போய்விட்டு வந்தேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போனா நம்ம மரம் எதுன்னு நீயே போயி சொன்ன மாதிரி ஆயிடும்" என்றான். "சொல்லலேன்னா சொல்றதுக்கு மரமே இருக்காது" என்றேன். படகுக்கு வழிவிட்டான், துடுப்பை மட்டும் எடுத்துத் தரவில்லை.

உங்கள் அண்ணி படித்துறையிலேயே இருந்தாள், மீன் கழுவிக்கொண்டு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வழி தெரிஞ்சுதா?" என்றாள். பதின்மூன்று வருஷத்துக்குச் சேர்த்து ஒரே கேள்வி. உள்ளே கூட்டிப்போய் பாய் போட்டு, துவாக் கள் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு ரகசியத்தை அவள் வீட்டிலேயே உட்கார்ந்து அவிழ்க்கிறேன் அல்லவா.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அப்படியே கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"ஏம்மா, கீழ் ஓடை மரம் ஒங்களுதுன்னு எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். ஒங்க ரகசியத்தை வேலியிலிருந்து வாரி வாரி எங்க முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம்."

"தெரிஞ்சுமா ஒருதடவைகூட வரல?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு மரம் இல்லையா? ஒங்க செறகு வேலியில மாட்டுச்சுன்னா காய் விழ ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் நாங்க எங்க மரத்துக்குக் கெளம்புவோம். அதுக்காகவே மூணு தலைமொறையா அந்த வேலியப் பிரிக்காம வெச்சிருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிவதற்குள் எழுந்து ஓடியது, இருட்டில் முள் கிழித்தது, அம்மா முட்டி வீங்கிப் படுத்தது எல்லாம் ஞாபகம் வந்தது. யாரும் கேட்காத ஒன்றை ஒளித்துவைக்க இவ்வளவு உழைத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய வலி, உங்களிடம் ஒளித்தது.

கோழிக் கூடைகள் ஒன்பது. அடைகாக்கிற கோழி ஒன்று என் கையைக் கொத்தியது. எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினோம். பழைய சிறகு பொடிந்து போயிருந்தது. இந்த வருஷத்துச் சிறகு பழுப்பு நிறத்தில், நரம்பு தெளிவாக, முழுதாக இருந்தது. இரண்டு சாக்கு. அது மட்டுமில்லை, வேலியின் அடியில் சகதியில் புதைந்திருந்த ஐந்து முழுக் காய்களை உங்கள் அண்ணன் தோண்டி எடுத்தார். பொறுக்கும்போது என் கையிலிருந்து நழுவி ஓடையில் விழுந்தவையாக இருக்கும். கோழிமுட்டை அளவு, முளை கருகிவிட்டது, ஆனால் மூன்று நீளச் சிறகும் இரண்டு குட்டைச் சிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தன. நான் சிந்தினேன் என்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

தலைவர் கெரானும் கீழ் நெடுவீட்டுத் தலைவரும் ஒரே தாளில் கைநாட்டு வைத்தார்கள். ஒரு சாக்கும் மூன்று காயும் வன அலுவலகத்துக்குப் போகின்றன. இரண்டு காய் உங்களுக்கு. பட்டியல் தப்பு என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லாமல் செல்லாது என்று தலைவர் சொல்கிறார். போட்டால் உங்கள் வேலை போய்விடும் என்றும் சொல்கிறார்.

போடுங்கள் என்று நான் எழுத மாட்டேன். அதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

சுபாங்

*

ஆற்றுமுகக் கடைவீதி
ஜூன் 14

ரிண்டாவின் அம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டேன். காய் இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் என்னைவிடச் சின்னவர், அளவுகோல் வைத்து ஒவ்வொரு சிறகையும் அளந்தார். பிறகு என் பட்டியலை அளந்தார், கண்ணால். "மரத்தடிய யாரோ பெருக்கியிருந்தது உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார்.

உன்னிடம் அதை இன்னும் சொல்லவில்லை. தெரிந்தது, சுபாங். ஏழாவது மரத்தடியில் விளக்குமாறு கோடு இருந்தது. காட்டில் பன்றி கிளறும், கோழி சீய்க்கும், யாரும் கூட்ட மாட்டார்கள். யாரோ பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பின்னாலிருந்து மேஸ்திரி, "எழுதுய்யா, எழுது, மழை வருது" என்றான். கையில் பென்சில் இருந்தது. கீழே மெரந்திக் கொட்டை இருந்தது. எழுதிவிட்டேன். யார் கூட்டியது என்று ஒரு கேள்வி கேட்க, இரண்டு வளைவு கீழே வந்திருக்க வேண்டும். வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். வெளியூர் பிழைப்புக்குப் போனவன் வெறுங்கையோடு படி ஏறினால் வரவேற்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். படகுக்கு மோட்டார் வாங்கி வருவேன் என்று போன வருஷம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். பதினேழு மரத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

தடை உத்தரவு பத்தாம் தேதி கிடைத்தது. முகாமுக்கு எடுத்துப் போனபோது தெரிந்தது, நான் வன அலுவலகம் போனது காதில் விழுந்து முதலாளி எட்டாம் தேதியே ஓடைக்கு ஆள் அனுப்பிவிட்டார். உத்தரவோடு நான் அவர்கள் பக்கத்தில் போய்ச் சேருவதற்குள் ஆறு மரம் விழுந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. பிறகு வரிசையை விட்டு ஏழு. ஆறாவது சரிவில் இருந்ததால் தாண்டிவிட்டார்கள்.

சங்கிலி ரம்பத்தை நிறுத்தச் சொல்லி நான் கத்தியது ஏழாவது சாய்ந்த பிறகுதான் கேட்டது. என் எண் மேலே பார்த்தபடி கிடந்தது.

வேலை போய்விட்டது. கடைவீதியில் ஒருவர் வீட்டுத் திண்ணைச் சாய்ப்பில் படுத்திருக்கிறேன். உன் அண்ணன் சொன்னது சரிதான் என்று அவனிடம் சொல். அங்கே வரலாமா என்று கேட்கக் கூசுகிறது. வர வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடு, மகளுக்கு என்ன சொல்வது என்று நான் யோசிக்க வேண்டும்.

எம்பாலிங்

*

கெரான் நெடுவீடு
ஜூன் 25

ரிண்டாவின் அப்பாவுக்கு,

விழுந்த சத்தம் இங்கே கேட்டது. ஆறு முறை. நெல்வயலில் இருந்தோம். எல்லோரும் ஏழாவது சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. வராதது உங்களால் என்று பிறகுதான் தெரிந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. விளக்குமாறு கோட்டைப் பார்த்துவிட்டு எழுதியதை என்னால் சீக்கிரம் மறக்க முடியாது. அந்தக் கோட்டை இழுத்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தவளும் நான்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இனி குடித்தனம் நடத்த வேண்டும். எனக்கு வேறு வீடு தெரியாது.

அண்ணனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டான். "மாப்பிள்ளைக்கு மரத்தக் காட்டுற வழக்கம் நமக்குக் கெடையாது" என்றான். "அந்த வழக்கம்தான் ஆறு மரத்தைத் தின்னுச்சு" என்றேன். எழுந்து போய்விட்டான். சாயங்காலம் பார்த்தால் உங்கள் பழைய படகைக் கவிழ்த்துப் போட்டு விரிசலை அடைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வாருங்கள். வெறுங்கையோடு வருகிறவரைக் கேலி செய்யப் படியில் பெண்கள் நிற்பார்கள், வழக்கம் அது. நானும் அவர்களோடு நிற்பேன், எல்லோரையும்விட அதிகமாகப் பேசுவேன். பேசி முடித்த பிறகு சோறு போடுவேன். எங்காபாங் கொழுப்பு ஒரு குழாய் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் கீழ் ஓடைக்குப் போவோம். விடிவதற்கு முன்னால் இல்லை, நல்ல வெயில் ஏறிய பிறகு, எல்லோரும் பார்க்க. பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். வெட்டிய ஆறின் அடிமரங்களையும் காட்டுகிறேன், எது முதலில் காய்க்கும், எதன் கொட்டையில் கொழுப்பு அதிகம் என்று. அவை இல்லை என்றாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்களை நீங்களே திரும்ப எழுதுங்கள். கடைவீதியில் வெள்ளைப் பெயிண்ட் கிடைக்கும். ஒரு டப்பா வாங்கி வாருங்கள், அது கையில் இருந்தால் வெறுங்கை என்று ஆகாது.

சுபாங்